ஒன்றரை மணிக்குத் தீர்ந்துபோன கறி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஆஸ்டினில் வசிக்கிறேன். திருச்சியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். டெக்சஸ் வந்து பார்பிக்யூ சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று, ஒரு மணி நேரம் கார் ஓட்டி ஒரு சிற்றூர்க் கடைக்கு அழைத்துப்போனேன். ஒரே குடும்பம் நடத்தும் கடை. மதியம் ஒன்றரைக்குப் போனால் கதவில் 'தீர்ந்துவிட்டது' என்று பலகை. அடுத்த சனிக்கிழமை பத்தரைக்கே போய் வரிசையில் நின்றோம். வரிசை நகரவே இல்லை. கடைசியில் தட்டுகூட இல்லாமல் கறியைக் காகிதத்தில் வைத்துத் தந்தார்கள். ஓரம் இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்து அப்பா "வேகவே இல்லையேப்பா" என்று ஒதுக்கிவிட்டார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இவ்வளவு கூட்டம் வருமென்று தெரிந்தும் கூடுதலாகச் சமைக்காதது பந்தா இல்லையா? நம் ஊர் பிரியாணிக் கடைக்காரராக இருந்தால் இன்னொரு அண்டா ஏற்றியிருப்பார்.

கே.

அன்புள்ள கே.,

பந்தா காட்டும் கடைகளும் உண்டு. வரிசையையே விளம்பரமாக்கிக்கொண்டவை அவை. ஆனால் நீங்கள் சொல்வது போன்ற குடும்பக் கடையில் ஒன்றரைக்குப் பலகை தொங்கினால், அது முந்தின நாளே தீர்மானமான விஷயம்.

பிரியாணி என்றால் காலையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு அண்டா ஏற்றலாம், மதியத்துக்குள் தம் உடைக்கலாம். டெக்சஸ் பார்பிக்யூவின் முக்கியமான கறியான பிரிஸ்கட்டில் அது நடக்காது. அது மாட்டின் நெஞ்சுக்கறி. நிற்கவும் நடக்கவும் உடம்பின் பாரத்தைத் தாங்குகிற தசை, அதனால் சவ்வு அதிகம். ஒரு முழுத்துண்டு ஐந்து முதல் ஏழு கிலோ இருக்கும். கொழுப்பைச் சீவி, உப்பும் மிளகும் தடவி, பக்கவாட்டில் எரியும் ஓக் விறகின் புகையில், சுமார் 110 முதல் 130 டிகிரிச் சூட்டில் வைக்கிறார்கள். முதல் சில மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போகும். உள்வெப்பம் 65, 70 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். மேலே ஈரம் ஆவியாக ஆவியாக, மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி கறி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. தெர்மாமீட்டர் முள் மணிக்கணக்கில் அசையாது. தொழிலில் இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். அந்த நேரத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே சவ்வு சவ்வாகவே இருக்கும். ஈரம் குறைந்த பிறகு சூடு மறுபடி ஏறி 95 டிகிரியை நெருங்கும்போதுதான் சவ்வு உருகிப் பதம் வருகிறது. அப்புறம் அறுப்பதற்கு முன் அதை ஆற வைக்க வேண்டும். மொத்தத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காலை பதினொன்றுக்குக் கடை திறக்க, முந்தின நாள் இரவே தீ மூட்டியாக வேண்டும். விறகு தள்ள ஒருவர் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். சின்னக் கடையில் அந்த ஒருவர் பெரும்பாலும் முதலாளியேதான். நீங்கள் வரிசையில் நிற்கும்போது "இன்னும் பத்து துண்டு வைத்திருக்கலாமே" என்று அவருக்கும் தோன்றியிருக்கும். தோன்றி என்ன செய்ய?

இன்னொரு வழி இருக்கிறது. பெரிய கடைகள் வெந்த கறியைச் சூடு காக்கும் பெட்டியில் 60 டிகிரிக்குச் சற்று மேல் வைத்திருந்து இரவு வரை விற்கின்றன. சரியாகச் செய்தால் அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு முதலீடு வேண்டும், ஆள் வேண்டும், மிஞ்சினால் நஷ்டத்தைத் தாங்கத் தெம்பு வேண்டும். மிஞ்சின கறியை மறுநாள் சுடவைத்து விற்கிற கடையைவிட, தீர்ந்துவிட்டது என்று பலகை மாட்டுகிற கடையை நான் நம்புவேன்.

அந்த இளஞ்சிவப்பு வேகாத நிறம் இல்லை. வேகாத கறியென்றால் நடுவில்தான் சிவந்திருக்கும், ஓரம் பழுப்பாக இருக்கும். பிரிஸ்கட்டில் நேர்மாறாக இருக்கும். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு கறியின் நிறமியோடு சேர்ந்து ஓரத்தில் மட்டும் அந்தச் சிவப்பை நிறுத்திவிடுகிறது. அப்பா ஒதுக்கியது நல்ல துண்டாகத்தான் இருந்திருக்கும்.

காகிதத்துக்கு வருகிறேன். மத்திய டெக்சஸின் பழைய பார்பிக்யூ கடைகள் பல, ஜெர்மனியிலிருந்தும் செக் பகுதிகளிலிருந்தும் குடியேறியவர்கள் நடத்திய கறிக்கடைகளாகத் தொடங்கியவை. விற்காத கறியைப் புகையில் வாட்டி வைப்பார்கள், துண்டு துணுக்குகளைச் சாசேஜ் ஆக்குவார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதை வாங்கி, பொட்டலத்தை அங்கேயே பிரித்துவைத்துக் கையால் தின்றார்கள். தட்டும் முள்கரண்டியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கையால் சாப்பிடுகிற நமக்கு இதில் என்ன குறை?

உங்கள் ஊரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் லாக்ஹார்ட் இருக்கிறது. அங்கே 1900இல் தொடங்கிய க்ரூய்ட்ஸ் மார்க்கெட் என்ற கறிக்கடையை 1948இல் ஷ்மிட் குடும்பம் வாங்கியது. ஷ்மிட் தன் காலத்திலேயே வியாபாரத்தை மகன்களுக்கு விற்றுவிட்டார்; அவர் இறந்தபோது கட்டடம் மகளுக்குப் போனது. பிறகு வாடகை ஒப்பந்தத்தில் தகராறு. 1999இல் மகன்களில் ஒருவர் கடையின் பெயரோடு வேறு இடத்துக்குப் போனார். பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துக்கொண்டுபோய்ப் புது அடுப்பைப் பற்றவைத்தார். மகள் பழைய கட்டடத்திலேயே ஸ்மிட்டீஸ் என்று கடை போட்டார். பாகம் பிரித்ததில் ஊருக்குத்தான் லாபம்.

வரிசை நகராததற்குக் காரணம் கத்தி. கல்லாவில் எத்தனை பேர் இருந்தாலும் பிரிஸ்கட்டை அறுப்பவர் ஒருவர்தான். நெஞ்சுக்கறி இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது. ஒன்று கொழுப்பில்லாதது, இன்னொன்று கொழுப்பு மிகுந்தது. இரண்டின் நார்களும் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன. நாருக்குக் குறுக்கே அறுத்தால்தான் வாயில் உதிரும். அதனால் பாதி வந்ததும் கறியைத் திருப்பிப் போட்டு வேறு கோணத்தில் அறுக்கிறார். அடுத்த முறை பார்த்துக்கொண்டே நில்லுங்கள், நேரம் போவது தெரியாது.

விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். சீவின கொழுப்பும் புகையில் போன ஈரமும் சேர்ந்து, வாங்கின எடையில் ஏறக்குறைய பாதி காணாமல் போய்விடுகிறது. மீதிப் பாதிதான் முழுக் காசையும் ஈட்ட வேண்டும்.

அப்பாவை இன்னொரு முறை அழைத்துப்போவதாக இருந்தால், லெக்சிங்டன் என்ற சிற்றூரில் ஸ்னோஸ் என்று ஒரு கடை இருக்கிறது. சனிக்கிழமை மட்டும், அதுவும் காலை எட்டு மணிக்கே திறக்கிறார்கள். 2008இல் 'டெக்சஸ் மன்த்லி' பத்திரிகை மாநிலத்திலேயே முதலிடம் கொடுத்த கடை. டூட்ஸி டொமானெட்ஸ் என்ற அம்மையார் எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அங்கே நள்ளிரவு கழிந்ததும் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டார். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலையும் பார்த்தார். எட்டு மணிக் கடைக்கு ஆறரைக்காவது போய்விடுங்கள். கொழுப்புப் பக்கம் கால் பவுண்டு மட்டும் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொடுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் கோழி இருக்கிறது. அதுவும் தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டும்.