மழைக்கு முன் மர யாட்: மும்பை வாசகர்கள் கேட்டவை

மே பிறந்துவிட்டால் மும்பையில் மர யாட் (உல்லாசப் படகு) வைத்திருப்பவர்களுக்கு ஓய்வே கிடையாது. மழை இறங்குவதற்குள் படகைக் கரையேற்ற வேண்டும், கலப்பத்து (பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைப்பது) பார்க்க வேண்டும், அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். இம்முறை வந்த கேள்விகளில் பாதி அந்த அவசரத்தில் எழுதியவை. மீதி, படகு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்டவை.

1960களில் கட்டிய 38 அடி தேக்கு மோட்டார் யாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. எல்லா வேலையும் முடித்தாகிவிட்டது என்கிறார் உரிமையாளர். எதைப் பார்த்து நம்புவது? (வாசகர், வாஷி)

பெயின்ட்டை நம்பாதீர்கள். விற்பதற்கு முன் புதிதாகப் பெயின்ட் அடித்த படகை நான் இரண்டு மடங்கு நேரம் பார்ப்பேன். முதலில் படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

ஒரு சின்னச் சுத்தியலும் குத்தூசியும் போதும். பலகைமேல் சாண் சாணாக நகர்ந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டக்’கென்று பதில் சொல்லும். உளுத்த மரத்தில் சத்தம் பொத்தென்று அடங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, குத்தூசியை வைத்து அழுத்துங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் பெயின்ட்டுக்குப் பின்னால் மரம் இல்லை என்று அர்த்தம். ஏராக்கட்டையை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டி வரும் முதல் பலகை, அமரத்தின் (பின்பக்கத்தின்) மூலைகள், கேபின் ஜன்னலின் கீழ் மூலைகள், டெக் விளிம்பின் அடிப்பக்கம், எஞ்சின் உட்காரும் கட்டைகள், குளியலறைக்குப் பின்னால் இருக்கும் வங்குகள் (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்): கெடுதல் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

அடுத்தது ஆணிகள். இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். பித்தளையாக இருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய்விட்டது. விரலால் வளைத்தாலே ஒடியும். இரும்பு துருப்பிடித்திருந்தால் சுற்றியுள்ள மரமும் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும். செம்பு ரிவெட்டோ வெண்கலத் திருகாணியோ இருந்தால் நிம்மதி.

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். அதை மாற்றிக்கொள்ளலாம். ஏராவையும் பாதி வங்குகளையும் மாற்றுவது புதுப் படகு கட்டுவதற்குச் சமம். அப்புறம், படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் கைகாட்டுகிறவர் வேண்டாம்.

தேக்கு கெடாது, வீணாகப் பயப்படாதே என்கிறார் அப்பா. உண்மையா? (வாசகி, மாட்டுங்கா)

தேக்கின் வைரத்தை (உள்பக்கக் கெட்டி மரத்தை) பொறுத்தவரை அப்பா சொல்வது சரி. கப்பல் கட்டுவதில் பேர்பெற்ற வாடியா குடும்பத்தார் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டி 1817இல் இறக்கிய ‘ட்ரிங்கமலீ’ போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பெரிய செப்பனிடல்கள் நடந்திருக்கின்றன, ஆனாலும் மிதக்கிறது. இங்கே இருக்கும் நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

ஆனால் உங்கள் படகு முழுக்க வைரம் பாய்ந்த தேக்கு அல்ல. தேக்கின் வெளிப்பக்க வெள்ளை மரம் மற்ற மரங்களைப் போலவே உளுக்கும். வங்குகள் பெரும்பாலும் வேறு மரம். கேபின் கூரை பிளைவுட்டாக இருக்கலாம். பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ‘செக்கோயா’ இருக்கிறது. 1925இல் இறங்கிய மர மோட்டார் யாட் அது. அமெரிக்க அதிபர்கள் பயன்படுத்தியது. அதிபர் கார்ட்டர் 1977இல் விற்கச் சொன்னார். பிற்பாடு உரிமை வழக்கில் சிக்கி, வர்ஜீனியாவில் ஒரு படகுப் பட்டறையில் கரையில் நின்றபடியே உளுத்துப்போனது.

போன மழைக்குப் படகைக் கரையேற்றி, நீலத் தார்ப்பாயால் இண்டு இடுக்கு விடாமல் கட்டிவைத்தேன். அக்டோபரில் திறந்தால் ஒரே பூஞ்சை, ஒரே நாற்றம். மழையே உள்ளே போகவில்லையே? (வாசகர், செம்பூர்)

மழை போகவில்லை, காற்றும் போகவில்லை. அதுதான் காரணம். மர யாட் கடல் தண்ணீரால் உளுப்பது அபூர்வம்; உப்பு பூஞ்சைக்கு ஆகாது. மரக்கப்பல் கட்டுகிறவர்கள் வங்குகளுக்கு நடுவில் உப்பைக் கொட்டி வைத்ததும் இதனால்தான். மரத்தைத் தின்பது நல்ல தண்ணீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்று, வெப்பமும் இருந்தால் பூஞ்சைக்கு வேறெதுவும் வேண்டாம். மும்பையின் நான்கு மாத மழையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

இந்த முறை படகின் நடுவில் நீளவாக்கில் ஒரு கம்பை உயர்த்திக் கட்டி, தார்ப்பாயைக் கூரையாகப் போடுங்கள். பக்கங்களில் பலகையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். முன்னும் பின்னும் திறந்தே இருக்கட்டும். உள்ளே தரைப்பலகைகளைத் தூக்கி வையுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், மெத்தைகளை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். அடித்துளை அடைப்பானைக் கழற்றி, அணியம் (முன்பக்கம்) கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தினால் புகுந்த தண்ணீரும் தானாக வெளியேறிவிடும். வாரம் ஒருமுறையாவது உள்ளே ஏறிக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு கைக்கு முதலில் தெரியும்.

மழை நின்றதும் நேர்மாறான தொல்லை. அக்டோபர் வெயில் பலகைகளை உலர்த்தி இடைவெளிகளைத் திறந்துவிடும். அதைப் பார்த்துப் பதறி, கடினமான பட்டியை (புட்டியை) இடுக்குகளில் அழுத்தித் திணிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும். ஊத இடமில்லாவிட்டால் ஆணிகளை இழுக்கும், வங்குகளை உடைக்கும். பஞ்சு சரியாக இருந்தால் மேலே மென்மையான பூச்சு போதும். இறக்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே நனைந்த கோணிச் சாக்குகளைப் பக்கங்களில் தொங்கவிடுங்கள். இறக்கியபின் ஓரிரு நாள் தண்ணீர் கசிவது இயல்பு. பம்ப் ஓடட்டும், இரவில் ஓர் ஆள் படகிலேயே இருக்கட்டும்.

கசிவு தொல்லை தீர அடிப்பகுதி முழுவதும் ஃபைபர் போர்த்திவிடலாம் என்கிறார் ஒரு மிஸ்திரி. செய்யலாமா? (வாசகர், முலுண்ட்)

வேண்டாம். பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய படகு ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அலையில் அசையும். ஃபைபர் அசையாது. சில வருடங்களில் ஒட்டு விட்டு, இடையில் தண்ணீர் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் கூழாகிக்கொண்டிருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் அதில் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. அந்தப் பணத்தில் ஆணிகளை மாற்றிக் கலப்பத்து புதிதாகப் போடுங்கள். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல மிஸ்திரிகள் மீனவர் படகுகளில் இறங்கிவிடுவார்கள். அதனால் இப்போதே சொல்லி வையுங்கள்.

துருப்பிடிக்காமலிருக்க ஜிங்க் (துத்தநாக) கட்டிகளை நிறையப் பொருத்தினேன். இப்போது வெண்கல வால்வைச் சுற்றி உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூக்கிறது. (வாசகர், நெரூல்)

உடனே கவனிக்க வேண்டிய கேள்வி இது. ஜிங்க் அளவுக்கு மீறினால் அது காக்கும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உருவாகும். காரம் மரத்தைப் பிணைக்கும் பொருளைக் கரைத்துவிடும். அந்த வெள்ளைப் பூவைத் துடைத்துவிட்டு நகத்தால் கீறுங்கள். மரம் நார் நாராக, ஈரத் துணி மாதிரி வந்தால் பாதிப்பு ஆழமாகிவிட்டது. வால்வைக் கழற்றி அந்தத் துண்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஃபைபர், இரும்புப் படகுகளுக்கான ஜிங்க் கணக்கை மரப் படகில் அப்படியே போடக் கூடாது. தண்ணீருக்குள் நல்ல வெண்கல வால்வுக்குப் பெரும்பாலும் ஜிங்க் தேவையே இல்லை. அதற்குப் போகும் இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, மின்கசிவு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் உள்ளே வரும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. ஆபத்தா? (வாசகி, தானே)

ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு ஒரு சில சொட்டு விழ வேண்டும். ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்டுக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் அந்தத் தண்ணீர்தான். ஒரு சொட்டுகூட விழாமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். ஓடி நின்றதும் கையை வைத்துப் பாருங்கள்; இளஞ்சூடு பரவாயில்லை, சுட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தாரையாக வந்தால் கிளாண்டுக்குள் திணித்திருக்கும் பேக்கிங்கை மாற்றும் நேரம்.

கேரளத்தில் வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுகிறார்களே, அடிப்பகுதிக்கு அது போதாதா? (வாசகர், தாராவி)

அடிக்கடி கரைக்கு இழுத்துப் போடும் வள்ளத்துக்கு நல்ல பூச்சு. மாதக்கணக்காக உப்புத் தண்ணீரிலேயே நிற்கும் யாட்டுக்குப் போதாது. கப்பல் புழு ஊசித்துளை அளவில் நுழைந்து உள்ளேயே வளர்ந்து மரத்தைக் குடையும். வெளியே தெரிவது அந்தத் துளை மட்டும்தான். செம்பு கலந்த அடிப்பெயின்ட்டை வருடம் ஒருமுறை, கீறல் விழுந்த இடங்களையும் ஏராவின் அடிப்பக்கத்தையும் விடாமல் அடியுங்கள். கரையில் படகைத் தாங்கும் கட்டைகள் மறைத்திருந்த இடங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இறக்குவதற்கு முன் கட்டைகளை இடம் மாற்றி அங்கேயும் இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள்.