தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து இலங்கை திரும்பி டிசைன் படிக்க வருபவர்களுக்கு: கேள்வி–பதில்

கேள்வி: கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்தபடி பிளஸ் டூ முடித்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளோடு தனியாக வெள்ளவத்தையில் இருக்கிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டிசைன் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: அங்கே வழமையான வாசல் இலங்கை உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, அதிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி, அதற்கு மேல் உளச்சார்புப் பரீட்சை. பிளஸ் டூ பெறுபேற்றோடு மட்டும் அந்த வாசலால் போக முடியாது. உங்களுக்குக் கிட்டிய வழி என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைதான். அதன் மட்டங்கள்: 3, 4 சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். முகாமில் தையல், டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைத்தல்), பேனர் வேலை என்று எதையாவது செய்திருந்தால் 'முன்கற்றல் அங்கீகாரம்' கேளுங்கள். செய்த வேலைகளையும் அவற்றின் படங்களையும் காட்டி நேரே மதிப்பீட்டுக்குப் போகலாம். தொழிற்கல்வி அலுவலகங்கள் இருக்கும் நாரஹேன்பிட்டி 'நிபுணதா பியச' கட்டடத்தில் விசாரியுங்கள். போகும்போது மூலச் சான்றிதழைக் காட்டுங்கள், கையளிக்காதீர்கள். கொடுப்பது உறுதிப்படுத்திய பிரதி மட்டுமே.

கேள்வி: ஒரு தனியார் நிலையத்தின் விளம்பரத்தில் 'அரச அங்கீகாரம்' என்று இருக்கிறது. நம்பலாமா? (தெஹிவளை)

பதில்: எந்த அங்கீகாரம்? மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருப்பது ஒன்று; நீங்கள் படிக்கப்போகும் கற்கைநெறிக்குத் தரச்சான்று இருப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் என்.வி.கியூ. சான்றிதழ் கைக்கு வராது. அதை வரவேற்பு மேசையில் கேட்காமல் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்; தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்த ஒரு வரி மிக முக்கியம்.

கேள்வி: எந்தக் கோர்ஸ் நல்லது? விபரம் அனுப்பவும்.

பதில்: வயது, படிப்பு, மொழி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கலாம் என்று எதுவும் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பிறகு பார்ப்போம்.

கேள்வி: மகள் திருச்சியில் பிறந்தவள். அவளைப் பாடசாலையில் சேர்த்தால்தான் நான் வகுப்புக்குப் போகலாம். இலங்கைப் பதிவு கேட்கிறார்கள். தகப்பன் தொடர்பில் இல்லை. (மட்டக்குளி)

பதில்: பிரஜாவுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாயோ தகப்பனோ ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், பிள்ளையைப் பிரஜையாகப் பதியலாம். இந்தியப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இருந்தால் விவாகச் சான்றிதழ் ஆகியவற்றோடு பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போங்கள். பிறந்து ஓராண்டு கடந்திருந்தால் தாமதக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். தமிழ்நாட்டுப் பத்திரத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், இங்கே தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். அந்த இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று முன்கூட்டியே ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தை இங்கேயும் கண் பார்வையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: மடிக்கணினிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

பதில்: விலையை விடுங்கள். 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும், பாவித்ததும் பரவாயில்லை. முதல் ஆறு மாதத்துக்கு இலவச வரைகலை மென்பொருள்களான இங்க்ஸ்கேப், கிரிட்டா போதும். மிச்சக் காசுக்கு மலிபன் வீதியில் ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள் வாங்கி நிறைய வரையுங்கள்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் டைப் பண்ணிப் பழகியவள் நான். அதிலேயே தொடரலாமா? வகுப்பில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது, ஆசிரியர் 'ஆங்கிலத்தில் செய்யுங்கள்' என்கிறார். (கொட்டாஞ்சேனை)

பதில்: ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள் சகோதரி. கொழும்பில் மும்மொழிப் பலகை, துண்டுப்பிரசுரம், மருந்துப் பெட்டி என்று எதை எடுத்தாலும் பிழையாக நிற்பது தமிழ்தான். டிசைன் செய்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தெரிந்தவர் டிசைன் பக்கம் வருவதில்லை. 'தெஹிவளை'யில் தகரம் தனியே நிற்க, கொம்பு ஹகரத்தின் முன்னால் போய் ஒட்டியிருக்கும், அப்படியே அச்சாகிவிடும். நாட்டின் மூன்று மொழிகளையும் படிப்பிக்கிறோம் என்று சொல்லும் வகுப்புகளில்கூட இதை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பாமினியை விட்டுவிடுங்கள். அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை அல்ல, ஆங்கில விசைகளுக்கு மேல் போர்த்திய தமிழ் உருவம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். பழைய கோப்புகளை யூனிகோட் மாற்றியில் போட்டபின் 'கௌரவம்' போன்ற சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ளகரம் புகுந்து 'கெளரவம்' ஆகியிருக்கும்.

உடைவது உங்கள் பிழையல்ல, மென்பொருளின் அமைப்பு. இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி கொம்போசர்' தெரிவு செய்யுங்கள். பழைய போட்டோஷொப் பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்'. இங்க்ஸ்கேப்பில் எதுவும் செய்யத் தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை ஆகிய எழுத்துருக்கள் எல்லாம் இலவசம், வியாபார வேலைக்கும் பாவிக்கலாம். 10 பொயின்ட் அளவு எழுத்துக்கு வரியிடைவெளி 15 பொயின்டாவது விடுங்கள். கீழே இறங்கும் 'ழு'வும் மேலே ஏறும் 'கீ'யும் மோதக்கூடாது. ஆங்கில வரியைவிடத் தமிழ் வரி கால்பங்காவது நீளும் என்று கணக்கிட்டே பெட்டி போடுங்கள். சிறிய எழுத்தின் கறுப்பு நூறு வீதம் 'கே', அதாவது கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்தால் அச்சில் சற்று விலகினாலே புள்ளியும் சுழியும் மங்கிவிடும்.

கேள்வி: போர்ட்ஃபோலியோவில் (வேலைத் தொகுப்பில்) எத்தனை வேலை? முகாமில் செய்தவற்றைச் சேர்க்கலாமா?

பதில்: பத்துப் பன்னிரண்டு. தாராளமாகச் சேருங்கள், ஆனால் இறுதி வடிவத்தை மட்டும் வைக்காதீர்கள். முதல் கிறுக்கல், கைவிட்ட இரண்டு முயற்சி, முடிவு என்று வரிசையாக வையுங்கள். தேர்வாளர்கள் பார்ப்பது எப்படி யோசிக்கிறீர்கள் என்பதை. மேலே சொன்னபடி தமிழ் எழுத்தைச் சரியாக அமைத்த வேலை ஒன்றாவது இருக்கட்டும்.

கேள்வி: வேலை, பிள்ளை, வகுப்பு மூன்றும் ஒத்துவருமா? (வத்தளை)

பதில்: வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வீட்டில் இன்னொன்று வேண்டும். சேருமுன் நேரசூசியை வாங்கி, வேலையைக் காட்டி விமர்சனம் கேட்கும் நாட்கள் எவை என்று பாருங்கள். விரிவுரையைத் தவறவிட்டால் குறிப்பு வாங்கலாம், விமர்சன நாளைத் தவறவிட்டால் வாங்க எதுவும் இல்லை. பகல் பராமரிப்பு நிலையத்துக்கு முதலில் அந்த நாட்களைத்தான் பேசிக்கொள்ள வேண்டும்.