பழைய பிரவுசர், புதிய கணக்கு: கேள்வி பதில்

பழைய பிரவுசரில் தளம் உடைவது, வருகிறவர்களை எண்ணுவது, இந்த இரண்டைப் பற்றியும் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டும் வேறு வேறு சங்கதி என்று நினைத்துத்தான் சொன்னேன். வந்த கேள்விகளைப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, ஒரு ஜவுளிக் கடைக்குத் தளம் செய்து கொடுத்தேன். வருகிறவர்களை எண்ணும் அனலிட்டிக்ஸ் கருவியில் பழைய பிரவுசர் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் 'உங்க சைட்டு வெறும் வெள்ளையா வருதே' என்று கடைக்கு வாரம் நாலு போன் வருகிறது. எதை நம்புவது?

போனை நம்புங்கள் தம்பி.

அனலிட்டிக்ஸ் என்பதும் பக்கத்துக்குள் ஓடுகிற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தான். அது ஓடினால்தான் எண்ணும். உங்கள் கணக்கெடுப்புத் துண்டை மற்ற ஸ்கிரிப்ட்டோடு ஒரே ஃபைலில் கட்டியிருந்தால், பழைய பிரவுசருக்குப் புரியாத ஒரே ஒரு குறி போதும், மொத்த ஃபைலும் படுத்துவிடும். பக்கமும் வராது, கணக்கிலும் ஏறாது. கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் 'பத்திரிகை கிடைத்ததா' என்று விசாரித்துவிட்டு, எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்வது போல இது.

இதைச் சரியாக அளந்தவர்கள் பிரிட்டன் அரசின் இணையதளக் குழுவினர். 2013-இல் கவ்.யூகே முகப்புப் பக்கத்தில் மூன்று படங்களை வைத்தார்கள். ஒன்றை எல்லா பிரவுசரும் கேட்கும். இன்னொன்றை ஸ்கிரிப்ட் ஓடினால் மட்டும் கேட்கும். மூன்றாவது நோஸ்கிரிப்ட்டுக்குள், அதாவது ஸ்கிரிப்ட் வசதி இல்லாத பிரவுசர் மட்டும் படிக்கும் பகுதிக்குள், இருக்கும். ஸ்கிரிப்ட் போய்ச் சேராதவர்கள் 1.1 சதவீதம். அதில் ஸ்கிரிப்ட்டை அணைத்து வைத்தவர்களும் அந்த வசதியே இல்லாதவர்களும் சேர்ந்து 0.2 தான். மீதி 0.9 சதவீதம் பேருக்கு ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. நெட் பாதியில் அறுந்திருக்கும், ஆபீஸ் ஃபயர்வால் தடுத்திருக்கும், ஏதோ ஒன்று. நீங்களும் மூன்று சின்னப் படங்களை வைத்து, சர்வர் தனக்கு வந்த கோரிக்கைகளை எழுதி வைக்கும் லாகில் எது எத்தனை தடவை கேட்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அரைநாள் வேலை.

லாகிலும் சிக்காத ஒரு கூட்டம் உண்டு. உங்கள் தளத்தின் https பூட்டுக்கு, இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்தானே? ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்கு அதன் மூலச் சான்றிதழைத் தெரியாது. வேறொரு நிறுவனத்தின் கையெழுத்தை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் போன்களில் பக்கமே திறக்காது, எச்சரிக்கைதான் வரும். ஆனால் சில நேரம் ஒரு தடயம் விட்டுப் போவார்கள். பூட்டில்லாத http வாசலான 80-ஆம் போர்ட்டில் தட்டியதற்கு '443-க்குப் போ' என்று 301 பதில் போயிருக்கும், அதன்பின் https வாசலான 443-இல் அந்த ஆள் வந்திருக்கவே மாட்டார். தானாக இணையத்தில் சுற்றும் 'பாட்' நிரல்களும் இப்படிச் செய்யும் என்பதால் கொஞ்சம் சலித்துப் பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து: அப்பாவின் ஐபோன் 6-இல் நான் செய்த தளம் வெள்ளையாக வருகிறது. குரோம் போட்டுக் கொடுத்தேன், அதிலும் அப்படியே. குரோம் புதுசுதானே சார்?

ஐபோனில் குரோம் என்பது வேறு சட்டை போட்ட சஃபாரி. எந்த பிரவுசராக இருந்தாலும் உள்ளே ஓடுவது ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸோடு வந்த வெப்கிட் இன்ஜின்தான். ஐரோப்பிய யூனியனில் 2024-இல் ஆப்பிள் இதைக் கொஞ்சம் தளர்த்தியது, அது அப்பா போனுக்கு உதவாது. ஐபோன் 6, ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. அதில் உள்ள இன்ஜினுக்கு கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்து வருகிற 'ஆப்ஷனல் செயினிங்' தெரியாது, அது சஃபாரி 13.1-இல்தான் வந்தது. குறியே புரியாததால் அந்த ஃபைலில் ஒரு வரிகூட ஓடாது. வெள்ளைத் திரைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தளத்தின் ஃபைல்களை பில்டு செய்யும்போது, எந்த பிரவுசர் வரை ஓட வேண்டும் என்ற டார்கெட்டைக் கீழே இறக்கினால் தீர்ந்தது.

பக்கம் வந்த பிறகு இன்னொன்றைக் கவனிப்பீர்கள்: பட்டன்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில், நடுவில் இடைவெளி விடும் 'கேப்' சஃபாரி 14.1-இல், அதாவது 2021 ஏப்ரலில்தான் வந்தது. ஒரு வசதி தெரியுமா என்று பிரவுசரைக் கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதி போட்டுச் சோதித்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் வலை. கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்கான 'கேப்' அந்த பிரவுசரில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் 'தெரியுமா' என்று கேட்டால் 'தெரியும்' என்றுதான் சொல்லும். ஃப்ளெக்ஸில் தெரியுமா என்று தனியாகக் கேட்க, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் வழியில்லை. நான் இதில் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். பழையபடி ஒவ்வொரு பெட்டிக்கும் மார்ஜின் (வெளி ஓர இடைவெளி) போட்டுவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கோவை கல்லூரி மாணவி: சீனியர்கள் ஐஇ 6 என்றாலே ஏன் பல்லைக் கடிக்கிறார்கள்?

ஐஇ 6 என்பது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரின் ஆறாம் பதிப்பு, 2001 ஆகஸ்டில் வந்தது. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில். போட்டியே இல்லாததால் ஐந்து வருடம் அப்படியே கிடந்தது. ஒரு பெட்டியை இடப்பக்கம் மிதக்கவிட்டு இடது மார்ஜின் 10 பிக்சல் என்று எழுதினால் 20 விடும். அதைச் சரிசெய்ய 'டிஸ்ப்ளே இன்லைன்' என்று எழுத வேண்டும். அர்த்தமே கிடையாது, மந்திரம் மாதிரி எழுதுவோம், வேலை செய்யும். பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி லோகோ போட்டால் சுற்றிலும் சாம்பல் கட்டம். ஒரு நகைக்கடைத் தளத்தில் எல்லா நகைக்கும் அந்தக் கட்டம் விழுந்து, முதலாளி 'நகையை அட்டையோட படம் புடிச்சீங்களா' என்று கேட்டார்.

ஐஇ-க்கு மட்டும் தனி சிஎஸ்எஸ் கொடுக்க 'கண்டிஷனல் கமென்ட்' என்று ஒரு ஏற்பாட்டை மைக்ரோசாஃப்டே வைத்திருந்தது. ஐஇ 10-இல் எடுத்துவிட்டார்கள். யூடியூப் 2010 மார்ச்சில் ஐஇ 6-ஐக் கைகழுவியது. 2011 மார்ச்சில் மைக்ரோசாஃப்டே அதன் சாவுக்கு நாள் எண்ண ஒரு தனித் தளம் ஆரம்பித்தது. செய்தவனே காரியம் பண்ணினான்.

கணக்காளர் ஒருவர், சென்னை: எங்கள் அலுவலக மென்பொருள் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். இப்போது அதுவே இல்லையே?

2022 ஜூன் 15-இல் ஓய்வு கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் புது பிரவுசரான எட்ஜில் 'ஐஇ மோட்' இருக்கிறது, குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் செய்தவரை அதற்குள் கண்டுபிடித்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, எங்கட சஞ்சிகையின்ர 2002 தொடக்கம் 2006 வரையான கட்டுரையள் எல்லாம் இப்ப ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தெரியுது. முந்தி எக்ஸ்ப்ளோரரில வடிவாத் தெரிஞ்சது. அந்த எழுத்துருவைத் திரும்பப் போடலாமோ?

போட வேண்டாம். அது பாமினியோ அதைப் போன்ற ஒன்றோவாக இருக்கும். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு மட்டும் தமிழ் முகமூடி. தளத்தோடு அந்த எழுத்துருவை அனுப்ப இஓடி என்ற வகையை எக்ஸ்ப்ளோரர் மட்டுமே ஏற்றது. எட்ஜ் அதை எடுத்துக்கொள்ளவில்லை, முகமூடி கழன்றுவிட்டது. இன்றைய எழுத்துரு வகைக்கு மாற்றி மறுபடி மாட்டலாம்தான், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் கூகுளுக்கு அது இன்னமும் ஆங்கிலக் குப்பை. உங்கட சஞ்சிகையில் வந்த ஒரு தலைப்பைத் தமிழில் தேடுகிற ஆள் அங்கே வந்து சேரவே மாட்டார். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் இடங்களையும், நடுவில் வருகிற உண்மையான ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் சரிபாருங்கோ. அந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் உளறல் தமிழாக மாறியிருக்கும்.

இதோடு இன்னொரு ஞாபகம். ஆண்ட்ராய்டில் தமிழே வராத காலத்தில் ஓபரா மினியின் உள் அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துகளுக்கு 'பிட்மேப் ஃபான்ட்' என்பதை 'யெஸ்' ஆக்குவோம். அவர்கள் சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். அப்படித் தமிழ் படித்தவர்கள் நிறையப் பேர்.

திருச்சியிலிருந்து: சர்வர் லாகைப் பார்த்தால் போனில் வருகிற எல்லோரும் ஆண்ட்ராய்டு 10, மாடல் பெயர் 'கே'. அது எந்தக் கம்பெனி போன்?

அப்படி ஒரு போனே இல்லை. பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் 'யூஸர் ஏஜென்ட்' வரியை வைத்து ஆளை அடையாளம் பிடிக்கிறார்கள் என்று, 2023 வாக்கில் குரோம் எல்லா ஆண்ட்ராய்டு போனுக்கும் 'ஆண்ட்ராய்டு 10, கே' என்றே சொல்ல ஆரம்பித்தது. அந்த வரி என்றைக்குமே உண்மை பேசியதில்லை. இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லா பிரவுசரும் 'மொசில்லா' என்று ஒரு பழைய பிரவுசரின் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுகின்றன. ஐஇ 11 கூட, ஃபயர்ஃபாக்ஸின் இன்ஜின் பெயரைச் சொல்லி 'கெக்கோ மாதிரி' என்று எழுதிக்கொண்டது. அந்த வரியை வைத்துத் தளத்தின் வடிவத்தைத் தீர்மானிக்காதீர்கள். வசதி இருக்கிறதா என்று பிரவுசரிடமே கேளுங்கள். மேலே சொன்ன 'கேப்' மாதிரி சில இடத்தில் அதுவும் ஏமாற்றும், ஆனாலும் இதைவிட மேல்.

புதுச்சேரியிலிருந்து: ஐபோன்காரர்கள் மட்டும் எப்போதும் 'புதிய வருகையாளர்' என்றே வருகிறார்கள். நிஜமாகவே புது ஆட்களா?

இல்லை. வந்தவரை அடுத்த தடவை அடையாளம் காண பிரவுசரில் விட்டு வைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கீ. ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீக்கு சஃபாரி 2019 முதல் ஏழு நாள்தான் ஆயுள் கொடுக்கிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள்தான். சர்வரிலிருந்து குக்கீ வைத்தால் நீடிக்கும், ஆனால் ஆப்பிளோடு இந்த ஓட்டப்பந்தயம் ஓடாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். புதியவர், பழையவர் என்ற பத்தியையே அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அதே ஊர், வேறு நண்பர்: 'டைரக்ட்' என்று இவ்வளவு பேர் எங்கிருந்து வருகிறார்கள்?

பெரும்பாலும் வாட்ஸ்அப். ஆப்பிலிருந்து வந்தால் எங்கிருந்து என்ற தகவல் ஒட்டி வராது. நீங்கள் பகிரும் லிங்க்கின் கடைசியில், எங்கே பகிர்ந்தது என்று சொல்லும் யூடிஎம் குறிப்பைச் சேருங்கள்.

சேலம்: ஒரு பள்ளிக்கூடத் தளம் செய்கிறேன். நிர்வாகி, 'யார் யார் பார்த்தாங்கன்னு பேரோட வேணும், குக்கீ ஒத்துக்கலைன்னாலும் புடிக்கிற வழி இருக்காமே' என்கிறார். என்ன சொல்லட்டும்?

அவர் கேள்விப்பட்டது ஃபிங்கர்பிரின்ட். திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் எல்லாவற்றையும் கோத்து ஆளைப் பிடிப்பது. 2010-இல் இணைய உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பான இஎஃப்எஃப் சோதித்தபோது 83.6 சதவீத பிரவுசர்கள் கூட்டத்தில் தனித்துத் தெரிந்தன. பெயர் அதில் கிடைக்காது, இதே பிரவுசர் மறுபடி வந்தது என்று மட்டும்தான் தெரியும்.

வழி இருக்கிறது என்பதற்காகச் செய்ய முடியாது. இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை. குழந்தைகளைப் பின்தொடர்வதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை. விதிவிலக்குகள் சில உண்டு, ஆனால் 'நிர்வாகிக்கு ஆசை' என்பது அதில் வராது. அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றறிக்கையைப் பெற்றோர் படித்தார்களா என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பது போதும். கோஅக்சஸ் என்ற கருவியைப் போட்டால் சர்வர் லாகிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், குக்கீ வேண்டாம்.

எப்படியும் ஐபி எண்ணை வைத்து ஆளை எண்ண வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். மொபைல் நெட்டில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஊர் சேலமாக இருந்தாலும் சென்னை என்று காட்டும்.

கடைசியாக, தஞ்சாவூரிலிருந்து: 'நீங்கள் 12,345-ஆவது வருகையாளர்' என்று பழைய தளங்களில் அடியில் ஓடுமே, அதைத் திரும்பக் கொண்டுவரலாமா?

தாராளமாக. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அது ஆளை எண்ணவில்லை, பக்கம் திறந்த தடவையை எண்ணியது. ரிஃப்ரெஷ் அடித்தால் கூடும், அடித்தது பாதி நேரம் கடைக்காரரேதான். அதுவும் போக, புதுத் தளத்தில் '3-ஆவது வருகையாளர்' என்று காட்டினால் யார் மதிப்பார்கள்? நாங்கள் எல்லோரும் 5,000-த்திலிருந்துதான் எண்ண ஆரம்பிப்போம்.