'டார்க்கஸ்ட் ஹவர்' படத்தில் சர்ச்சில் சுரங்க ரயிலில் ஏறி மக்களிடம் கருத்துக் கேட்பது உண்மையில் நடந்ததா? அதில் அவருக்கு டைப் அடிக்கும் பெண் நிஜமாகவே இருந்தவரா?

ரயில் காட்சி முழுக்க முழுக்கக் கற்பனை. சர்ச்சில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஏறி வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்குகிறார். அது அடுத்த ஸ்டேஷன்தான். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். அதற்குள் சுருட்டு பற்றவைக்க நெருப்புக் கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் விசாரித்து, "ஹிட்லரோடு சமாதானம் பேசலாமா?" என்று கேட்டு, எல்லாரும் "கூடாது" என்று கத்தி, மெக்காலே கவிதை வேறு சொல்லி, கண்ணும் கலங்கிவிடுகிறார்!

சர்ச்சிலாக நடித்த கேரி ஓல்ட்மேனுக்கு ஆஸ்கர் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நிஜத்தில் நடந்தது இதைவிட நல்ல கதை.

1940 மே கடைசி வாரம். பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது, பிரிட்டிஷ் படை அங்கே டன்கர்க் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. போர் அமைச்சரவையில் ஐந்தே பேர்: சர்ச்சில், முந்தைய பிரதமர் சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லி, கிரீன்வுட். இத்தாலியின் முசோலினியை நடுவில் வைத்து, ஹிட்லரிடம் என்ன நிபந்தனை கிடைக்கும் என்று கேட்டாவது பார்ப்போமே என்றார் ஹாலிஃபாக்ஸ். பேச உட்கார்ந்தாலே நாம் தோற்ற மாதிரிதான் என்றார் சர்ச்சில். 27ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் ராஜினாமா வரைக்கும் போய்விட்டார். சர்ச்சில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சர்ச்சில் வாய்க்கு வந்ததை உளறினார் என்று அன்றைய டைரியில் எழுதிவைத்திருக்கிறார் ஹாலிஃபாக்ஸ்.

தொழிற்கட்சிக்காரர்கள் இருவரும் சர்ச்சில் பக்கம் நின்றார்கள். ஆக, தராசு முள் சேம்பர்லின் கையில். பிரதமர் பதவி போனாலும் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் இன்னும் அவர்தான். அவரும் ஹாலிஃபாக்ஸும் சேர்ந்து வெளியேறியிருந்தால் சர்ச்சில் ஆட்சி தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே. இருவரும் சேர்ந்து சதி செய்வதாகத்தான் படம் காட்டுகிறது. அமைச்சரவைக் குறிப்புகள் வேறு கதை சொல்கின்றன. முதலில் ஊசலாடிய சேம்பர்லின், 28ஆம் தேதி ஏறக்குறைய சர்ச்சில் பக்கம் வந்துவிட்டார். பதவி இழந்த மனிதரை 10 டவுனிங் தெருவிலிருந்து உடனே காலி செய்யச் சொல்லாமல் ஒரு மாதம் போல அங்கேயே இருக்கவிட்டவர் சர்ச்சில். அந்த மரியாதைக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

28 மாலை, போர் அமைச்சரவையில் இல்லாத மற்ற அமைச்சர்கள் சுமார் 25 பேரைக் கூப்பிட்டுப் பேசினார். நம் தீவின் நீண்ட சரித்திரம் முடிந்துதான் ஆக வேண்டும் என்றால், நாம் ஒவ்வொருவரும் சொந்த ரத்தத்தில் மூச்சுத் திணறித் தரையில் கிடக்கும்போது முடியட்டும் என்று அவர் சொன்னதாக, அங்கே இருந்த அமைச்சர் ஹியூ டால்டன் டைரியில் குறித்திருக்கிறார். பலர் எழுந்து ஓடிவந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு போர் அமைச்சரவைக்குத் திரும்பினார் சர்ச்சில். ஹாலிஃபாக்ஸ் அதோடு அடங்கினார்.

இந்தக் கூட்டம் படத்திலும் வருகிறது. ஆனால் அங்கே அவர் ரயில் பயணிகளின் பெயர்களை வாசித்துக் காட்டுகிறார். அமைச்சர்கள் உறுதியாக நின்றால் சினிமா ஆகாது, சாதாரண ஜனம் சொன்னால்தான் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அட்லியும் கிரீன்வுட்டும் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டார்கள்.

சரி, சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சர்ச்சிலே 1949இல் வந்த தன் போர் வரலாற்றின் இரண்டாம் பாகத்தில், தனியாகப் போரைத் தொடர்வதா என்ற கேள்வி போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை என்று கூசாமல் எழுதினார். மூன்று நாள் அதே பேச்சாக இருந்தவர்! காரணம், ஹாலிஃபாக்ஸ் அப்போது உயிரோடு இருந்தார், காப்பாற்ற வேண்டிய கட்சி மானமும் இருந்தது. அமைச்சரவையின் ரகசியக் குறிப்புகள் 1970களில் திறக்கப்பட்ட பிறகுதான் முழு விவரம் வெளியே வந்தது. ஜான் லூகாச் 1999இல் இந்த நாட்களை மட்டும் வைத்தே ஒரு புத்தகம் எழுதினார், 'ஃபைவ் டேஸ் இன் லண்டன்'. சின்னப் புத்தகம்தான், கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், டைப்பிஸ்ட் எலிசபெத் லேட்டன் நிஜமாகவே இருந்தவர்தான். ஆனால் அவர் சர்ச்சிலிடம் வேலைக்குச் சேர்ந்தது 1941இல். டன்கர்க் சமயத்தில் அவர் அந்த அலுவலகத்திலேயே இல்லை.