ஜூன் 8 முதல் ஜூலை 7 வரை

கேள்வி: ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ. தந்த உதவித்தொகையும் மே மாதத்தோடு முடிந்தது. ஜூன் 8-இல் 20,000 ரூபாய் சம்பளத்தில் புது வேலை. முதல் சம்பளம் ஜூலை 7-இல். அதுவரை செல்பேசிச் செயலியில் கடன் வாங்கலாமா, பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இரண்டும் வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. உதவி (அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, கவுன்ட்டரில் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்) பழைய தினக்கூலியின் சராசரியில் பாதிதான், அதுவும் அதிகபட்சம் 90 நாள். அதில் மிச்சம் பிடித்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஜூலையில் முழு 20,000 வரும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தவறு. வேலை பார்த்தது 23 நாள். கணக்குப்படி 15,333 ரூபாய். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போக 14,000 கைக்கு வந்தால் பெரிது. அதற்குள் ஜூன் வாடகை, ஜூலை வாடகை, நடுவில் பள்ளி திறப்பு.

இன்னொன்று. வேலை இல்லாத நான்கு மாதமும் "பார்த்துக் கொடுங்கள்" என்று பொறுத்த மளிகைக் கடைக்காரர், கழுத்தில் அடையாள அட்டையோடு நீங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்த அன்றே பாக்கி நோட்டைப் புரட்டுவார். அவர் கூப்பிடுமுன் நீங்களே போய் நில்லுங்கள்: ஜூலையில் கொஞ்சம், ஆகஸ்டில் மீதி.

செயலியில் 5,000 கடன் என்பார்கள். கட்டணம் பிடித்துக்கொண்டு 4,200 தந்து, ஒரே மாதத்தில் 5,000 கேட்டால் அது நூற்றுக்கு 19 ரூபாய் வட்டி. தெருமுனைத் தண்டல்காரரே வெட்கப்படுவார். வீட்டில் ஒரு மோதிரம் இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். பி.எஃப். கணக்கைப் பழைய எண்ணோடு புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும், ஆறு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

முன்பணம் கேட்க ஏன் தயக்கம்? மாதம் முழுக்க உழைத்துவிட்டு அடுத்த மாதம் 7-ஆம் தேதி கூலி வாங்குகிறவர் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார். இரண்டாவது வாரம் முடிந்ததும், அதுவரை உழைத்த நாட்களுக்கு 5,000 கேளுங்கள். தரமாட்டோம் என்றால் போகட்டும், கேட்டதற்காக யாரும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு ஆண்டு என்கிறீர்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து) என்ற கணக்கில், 30 நாளுக்குள் பழைய முதலாளி கொடுத்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்று வைத்தாலும் 41,500 ரூபாய்க்கு மேல் வரும். தாமதத்துக்கு வட்டி தனி. எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வந்ததா என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.