விந்தணுவின் புரதங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: விந்தணுத் தலையில் இருக்கும் நொதி முட்டையின் உறையைக் கரைத்து வழி உண்டாக்கும் என்று பள்ளியில் படித்தோம். சரிதானே?

பதில்: எந்த விலங்கு என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். அந்த நொதியின் பெயர் அக்ரோசின். 1994-இல் ஜப்பானில் அதன் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் விந்தணு உறையைக் கடக்கச் சற்றுத் தாமதித்தது, அவ்வளவுதான். குட்டிகள் பிறந்தன. சரி, அக்ரோசின் தேவையே இல்லை போலிருக்கிறது என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் 2020-இல் வெள்ளெலியில் (ஹாம்ஸ்டர் என்ற வேறு விலங்கு) அதே மரபணுவை நீக்கியபோது, விந்தணு உறையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. எலியில் கண்டதை எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொருத்துவது இந்தத் துறையின் பழைய வியாதி.

உறையைக் கடக்க வாலின் வேகமும் வேண்டும். அந்த வேகத்துக்குக் காரணம் வாலில் உள்ள, கால்சியத்தை உள்ளே விடும் கேட்ஸ்பர் என்ற நுழைவாயில். 2001-இல் கண்டறியப்பட்டது. அது இல்லாத ஆண் எலிகள் மலடு.

கேள்வி: உறையைக் கடந்த பிறகு முட்டையோடு சேர்த்துவைக்கும் புரதம் எது சார்?

பதில்: ஃபெர்டிலின் என்ற புரதம்தான் என்று வெகுநாள் நம்பினார்கள். ஆய்வுக்குழாயில் எல்லாம் பொருந்தியும் வந்தது. மரபணு நீக்கிய எலிகள் வந்ததும் கதை மாறியது. அது இல்லாத விந்தணு முட்டை இருக்கும் இடத்துக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. ஃபெர்டிலினின் முக்கிய வேலை பயணத்தில்தான் இருந்தது.

உண்மையான ஆள் 2005-இல் கிடைத்தது. ஒசாகாவில் மசாரு ஒகாபேயின் குழு கண்டுபிடித்து, திருமணத்தோடு தொடர்புள்ள ஓர் ஆலயத்தின் பெயரால் இசுமோ என்று அழைத்தது. இசுமோ1 இல்லாத விந்தணு நன்றாக நீந்தும், உறையையும் கடக்கும், ஆனால் முட்டையோடு இணையாது. தலையிலுள்ள அக்ரோசோம் பை திறக்கும்வரை இந்தப் புரதம் வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கும். முட்டையில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை 2014-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் கண்டார்கள். அதன் பெயர் ஜூனோ.

ஆனால் ஒட்டுவது வேறு, இரண்டு சவ்வும் ஒன்றாவது வேறு. ஸ்பாகா6 என்ற புரதம் இல்லாத எலி விந்தணு ஒட்டுகிறது, இணைவதில்லை. 2024-இல் வியன்னாவில் ஆண்ட்ரியா பாலியின் குழு, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலின் துணையோடு, இசுமோ1, ஸ்பாகா6, டிமெம்81 மூன்றும் ஒரே கூட்டாக நிற்பதைக் காட்டியது. டிமெம்81-ஐ அதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. என்னைக் கேட்டால், ‘அந்த ஒரு புரதம் எது’ என்ற கேள்வியையே இனி விட்டுவிடலாம்.

கேள்வி: இரண்டாவது விந்தணு ஏன் நுழைவதில்லை?

பதில்: ஒன்று நுழைந்ததும் முட்டை ஜூனோவை உதிர்த்துவிடுகிறது. எலியில் 40 நிமிடத்துக்குள் காணாமல் போகும். கூடவே, முட்டையிலிருந்து வெளிவரும் நொதி ஒன்று வெளியுறைப் புரதத்தை வெட்டிவிடுவதால் புதிதாக எதுவும் ஒட்ட முடிவதில்லை.

கேள்வி: எங்களுக்கு இக்சி செய்தும் ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை. விந்தணு எண்ணிக்கை இயல்பு. புரதக் குறையாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். இக்சியில் ஊசி மூலம் விந்தணுவை உள்ளே வைப்பதால் ஒட்டுவது, இணைவது எல்லாம் தேவையில்லாமல் போகிறது. இசுமோ1 இல்லாத எலி விந்தணுவே இந்த முறையில் குட்டி தந்தது. ஆனால் பிஎல்சி சீட்டா என்ற புரதத்தை ஊசி ஈடுகட்டாது. விந்தணு உள்ளே போனதும் அதுதான் முட்டைக்குள் கால்சியத்தை அலையலையாக எழுப்பி முட்டையை விழிக்கச் செய்கிறது. 2002-இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அந்த மரபணுவில் பழுது உள்ள ஆண்களுக்கு இக்சி தோற்பதுண்டு. அவர்களில் பலருக்கு, கால்சியம் அயனோஃபோர் என்ற மருந்தால் முட்டையைச் செயற்கையாகத் தூண்டுவது பலன் தந்திருக்கிறது.

அதற்காக எல்லாப் பழியையும் விந்தணுமேல் போடாதீர்கள். முட்டை முதிராமல் இருந்தாலும், முட்டையின் வீ2 மரபணுவில் கோளாறு இருந்தாலும் இதே முடிவுதான் வரும். செயற்கைத் தூண்டல் உங்களுக்குப் பொருந்துமா, அதற்கு முன் மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எண்ணிக்கை, நீச்சல், வடிவம் பார்க்கும் சாதாரண விந்துப் பரிசோதனையில் இது எதுவும் தெரியாது.

கேள்வி: இந்தப் புரதங்களைத் தடுத்து ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரை செய்ய முடியாதா?

பதில்: முயற்சி நடக்கிறது. 2023-இல் விந்தணுவை நீந்தவைக்கும் ஒரு நொதியைத் தடுக்கும் மருந்தை ஆண் எலிகளுக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரம் விந்தணு அசையவில்லை, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. மேலே சொன்ன வெள்ளெலிக் கதையை நினைத்துக்கொண்டு, மனிதர்களிடம் சோதித்த பிறகு பேசலாம்.