பொருளடைவு மென்பொருள்: வாங்கும் முன் ஐந்து சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்

ஒரு நூலுக்கும், ஓர் இதழின் பழைய தொகுதிகளுக்கும் பொருளடைவு (எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல்) தயாரிக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

தானாகவே அடைவு போட்டுத் தருவதாகச் சொல்பவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவை தருவது வெறும் சொற்பட்டியல். ‘பஞ்சம்’ என்ற சொல்லே வராமல் பஞ்சத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருப்பார் ஆசிரியர். அதை ஆள் படித்துத்தான் பிடிக்க முடியும்.

நூலைப் பொறுத்தவரை, பக்கங்கள் இறுதியாகிவிட்டனவா என்பதுதான் கேள்வி. இன்னும் மாறும் என்றால் வேர்டு, இன்டிசைன், லேடெக்ஸ் என்று நூலை அமைக்கும் மென்பொருளிலேயே, அடைவில் வர வேண்டிய இடங்களுக்கு உரைக்குள் குறியிட்டுவிடலாம். பக்கம் நகர்ந்தாலும் அடைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் குறிகள் உரையெங்கும் சிதறிக் கிடக்கும், திருத்துவது பெரும்பாடு. பக்கங்கள் உறுதியாகிவிட்டால் சிண்டெக்ஸ், மேக்ரெக்ஸ், ஸ்கை இண்டெக்ஸ் போன்ற, அடைவுக்கென்றே உள்ள தனி மென்பொருள்தான் சுகம். ஒருமுறை, ‘இறுதிப் படி’ என்று வந்ததை நம்பித் தனியாக அடைவு செய்து முடித்தேன். அப்புறம் எழுத்துருவின் அளவை மாற்றிவிட்டார்கள். எண்கள் ஒரே அளவில் நகர்ந்திருந்தால் மொத்தமாகக் கூட்டிச் சரிசெய்திருப்பேன். அவை இடத்துக்கு இடம் வேறு மாதிரி நகர்ந்திருந்தன. திரும்ப முதலிலிருந்து.

இதழுக்கு வேறு தலைவலி. வேலை ஆண்டுக்கணக்கில் நீளும். போன வருடம் ‘சிறுகதை’ என்று போட்டதை இந்த வருடம் ‘சிறுகதைகள்’ என்று போட்டிருப்போம். சொ. விருத்தாசலத்தைத் தேடுபவரைப் புதுமைப்பித்தனுக்கு அனுப்ப ‘காண்க’ குறிப்பும் வேண்டும். ஆகவே முன்பு கொடுத்த தலைப்புகளைத் தட்டச்சு செய்யும்போதே எடுத்துக்காட்டும், ஆண்டு அடைவுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருளாகப் பாருங்கள். இதழ் 10, இதழ் 9-க்கு முன்னால் போய் உட்காருகிறதா என்பதையும் சோதியுங்கள்.

தமிழ் அடைவு என்றால், எனக்கு இதெல்லாம் அடுத்தபடிதான். மரம், மலை, மழை, மறதி, மனம் என்ற ஐந்தையும் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ‘மனம்’ முதலில் வந்தால், அந்த மென்பொருள் யூனிகோடு எண் வரிசையை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணின் வரிசையை, அப்படியே பின்பற்றுகிறது. அதில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கும். ற, ர-வை ஒட்டி நிற்கும். நம் அகரவரிசையில் இரண்டும் கடைசி. புள்ளி எழுத்து (க்) அகரமேறிய எழுத்துக்கு (க) முன்னா பின்னா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், அக்கா முந்தியா அகம் முந்தியா என்று பாதியில் குழம்பக் கூடாது.

சோதனைப் பதிப்பு கிடைத்தால் உங்கள் நூலின் ஒரே ஓர் இயலை அதில் போட்டுப் பாருங்கள். வரிசை பிசகினால், ஒவ்வொரு பதிவுக்கும் அச்சில் வராத வரிசைச் சாவி (அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்கு மட்டும் சொல்லும் குறி) கொடுக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை என்றால், சரி, விரிதாளில் அந்தச் சாவிக்காகக் கூடுதலாக ஒரு நெடுவரிசை வைத்து நாமே சமாளிக்க வேண்டியதுதான். நான் சின்ன நூல்களுக்கு இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.